அரியலூர் நிலத்தில் கிடைத்த கடல் புதைபடிவம்: அடையாளம் குழம்பும் இடங்களும் சரிபார்க்கும் வழிகளும்

திருச்சிக்கு வடகிழக்கே ஊட்டத்தூர், காரை, கருடமங்கலம் தொடங்கி அரியலூரைத் தாண்டி நின்னியூர் வரை விரியும் நிலம், கிரெட்டேசியஸ் காலத்தில் கடலடியாக இருந்தது. 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ஏறிய கடல், பலமுறை பின்வாங்கித் திரும்பி வந்து, டைனோசர்கள் அழிந்த 6.6 கோடி ஆண்டு எல்லையைக் கடந்தும் நின்றது. அந்தக் கடலின் சிப்பிகளும் நத்தைகளும், கணவாயின் உறவினராக இருந்து அழிந்துபோன, ஓடுள்ள அம்மோனைட்டுகளும் இன்று காட்டோடைக் கரையிலும் உழவு நிலத்திலும் சுண்ணாம்புக்கல் சுரங்க ஓரத்திலும் வெளியே கிடக்கின்றன. ஒரு நல்ல மழை ஓய்ந்ததும் காரைப் பக்கத்து வெற்றுக் களிமண் மேடுகளில் நடந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

பொறுக்கியவர் அடுத்துச் செய்வது, கிடைத்ததற்குப் பெயர் தேடுவது. இணையத்தில் பார்த்த ஏதோ ஐரோப்பியப் படத்தோடு ஒப்பிட்டு, தோற்றம் ஒத்துப்போனதும் அந்தப் பெயரையே வைத்துவிடுகிறார். தவறுகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. கடல் உயிர்களில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத குடும்பங்கள் ஒரே வடிவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. எனவே மொத்தத் தோற்றத்தை நம்பாமல், உள்ளமைப்பையும் அது வந்த பாறை அடுக்கையும் பார்க்க வேண்டும். கீழே, கையில் இருக்கும் கல் எப்படித் தெரிகிறது என்பதை வைத்துப் பிரித்திருக்கிறேன். உங்கள் கல்லுக்குப் பொருந்தும் பகுதிக்கு நேரே போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிட்டுப் போங்கள்.

எந்தக் கல்லானாலும் முதலில்: எங்கே எடுத்தது?

இந்த நிலத்தின் பாறைகளைப் பழையதிலிருந்து புதியது வரை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர், நின்னியூர் என்று அடுக்குவார்கள். முதல் மூன்றையும் பிரித்து வரைபடமாக்கியவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்டு. காலம் 1850களின் கடைசி. அவற்றில் கிடைத்த உயிர்களை ஒவ்வொன்றாக விவரித்துப் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் கொடுத்தவர் அதே துறையின் தொல்லுயிர் ஆய்வாளர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. 1874இல் லடாக் மலைகளில் இறப்பதற்கு முன்பு அவர் முடித்து வைத்த அந்தத் தொகுதிகள் இன்றும் இந்தப் பகுதி ஆய்வாளர்களின் கையில் புழங்குகின்றன.

அடுக்கு தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். காரைக் களிமண்ணில் ஜிப்சம் பாளங்களுக்கு நடுவே தோட்டா வடிவப் பெலம்னைட்டும் சிறு புழுக்குழாய்களும் அம்மோனைட்டும் எதிர்பார்க்கலாம். கல்லக்குடி, டால்மியாபுரம் சுண்ணாம்புக்கல் பவளமும் கடற்பாசியும் கட்டிய பாறை. கருடமங்கலம் என்றால் சிப்பியும் நத்தையும் நெருக்கமாகப் பதிந்த ஓட்டுச் சுண்ணாம்புக்கல். மெருகேற்றினால் அழகாக இருப்பதால் இதைத் திருச்சிப் பளிங்கு என்றே அழைத்தார்கள். கொளக்காநத்தத்தில் அம்மோனைட். கல்லங்குறிச்சியில் தடித்த கிரைபியாச் சிப்பிகள் அடுக்கடுக்காக. நின்னியூர் எல்லாவற்றிலும் இளையது, பேரழிவுக்குப் பிந்தையது. அங்கே, இன்றும் கடலில் வாழும் சுருள் ஓட்டு உயிரான நாட்டிலஸின் உறவினர் உண்டு, அம்மோனைட் கிடையாது.

ஆகவே நின்னியூர்ச் சுண்ணாம்புக்கல்லில் எடுத்ததை அம்மோனைட் என்று ஒருவர் எழுதியிருந்தால், கல்லைப் பார்க்காமலே சந்தேகப்படலாம். இடம் எழுதாத கல்லுக்கு இந்த உதவி கிடைக்காது. எடுத்த நொடியிலேயே ஊர், ஓடை அல்லது சுரங்கத்தின் பெயர், கைபேசி காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை, பாறையில் பதிந்திருந்ததா உதிர்ந்து கிடந்ததா என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கல்லோடு சேர்த்துச் சுற்றி வையுங்கள். ஓடையில் உதிர்ந்து கிடந்தது மேல் அடுக்கிலிருந்து உருண்டு வந்ததாகவும் இருக்கலாம் என்பதால் அந்த நான்காவது குறிப்பு மிக முக்கியம்.

சுருளாக இருக்கிறது: நத்தையா, அம்மோனைட்டா, வேறு ஏதாவதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. ஒரு கேள்வியாகத் தோன்றினாலும் உள்ளே நான்கு கேள்விகள் இருக்கின்றன, பொறுமையாகப் போவோம்.

கல்லை மேசைமேல் படுக்க வையுங்கள். சுருள் முழுவதும் ஒரே தளத்தில் படிந்து, இரு பக்கமும் ஒன்றுபோல் இருந்தால் அம்மோனைட் அல்லது நாட்டிலஸ் பக்கம் சாயலாம். ஒரு பக்கம் கூம்பாக எழும்பி மறுபக்கம் தட்டையாகவோ குழிவாகவோ இருந்தால் நத்தை என்று தொடங்கலாம். இது தொடக்கம் மட்டுமே, இங்கே நின்றுவிடக் கூடாது.

அடுத்து தையல்கோட்டைத் தேடுங்கள். அம்மோனைட்டின் ஓடு உள்ளே பல அறைகளாகத் தடுக்கப்பட்டது. தடுப்புச் சுவர் வெளிஓட்டைத் தொடும் கோடுதான் தையல்கோடு. அம்மோனைட்டில் அது மடிப்புக்குள் மடிப்பாக, ஓரம் முழுவதும் நுணுக்கமாகக் கிழிந்தாற்போல் நெளிந்து ஓடும். நாட்டிலஸில் எளிய, மென்மையான வளைவு. நத்தையின் குழாய் பொதுவாக அறையில்லாமல் ஒரே வெளியாகப் போகும். சாய்வான காலை வெயிலில் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் கோடு பிடிபடும். ஈரத் துணியால் மெல்ல ஒற்றினாலும் தெளியும். ஆனால் காரைக் களிமண் ஒட்டிய கல்லைத் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள். களிமண் ஊதி, கல் உங்கள் கண் முன்னே உதிர்ந்துவிடும்.

தையல்கோடு தெரியவில்லையா? அதை வைத்து அம்மோனைட் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. இரண்டு காரணங்கள். ஓடு இன்னும் உரியாமல் இருந்தால் கோடு அதற்கு அடியில் மறைந்திருக்கும். உள் அச்சில்தான், அதாவது ஓட்டுக்குள் நிரம்பி இறுகிய சேறு வெளிப்பட்ட இடத்தில்தான், கோடு தெரியும். மேலும், உயிர் வாழ்ந்த கடைசி அறையில் தடுப்புச் சுவர் இல்லை. கிடைத்த துண்டு அந்த அறையின் துண்டு என்றால், எத்தனை தேடினாலும் கோடு இருக்காது. அப்போது விலா வரிகள், புடைப்பு முடிச்சுகள், வெளி விளிம்பில் ஓடும் வரம்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். காரையிலும் ஊட்டத்தூரிலும் கிடைக்கும் பல அம்மோனைட்டுகளுக்குத் தடித்த விலாவும் வரிசையான முடிச்சும் உண்டு.

குறுக்காக உடைந்த துண்டு இருந்தால் இன்னும் நல்லது. தடுப்புச் சுவர்களைத் துளைத்துக்கொண்டு ஓடும் மெல்லிய நாளம் வெளி விளிம்பை ஒட்டி இருந்தால் அம்மோனைட். சுவரின் நடுப்பகுதியிலோ அதற்குச் சற்று உள்ளேயோ இருந்தால் நாட்டிலஸ் குடும்பம்.

நின்னியூரில் கிடைக்கும் ஹெர்கோகுளோசா என்ற நாட்டிலஸ் உறவினர் இங்கே ஆளைக் குழப்பும். மற்ற நாட்டிலஸ்களைப்போல் எளிய வளைவோடு நிற்காமல், இதன் தையல்கோடு பக்கவாட்டில் ஆழமாகக் குழிந்து, எழும்பி ஓடும். அதைப் பார்த்ததும் அம்மோனைட் என்று துள்ளத் தோன்றும். கோட்டின் ஓரத்தை லென்ஸில் பாருங்கள். வளைவு எத்தனை ஆழமானாலும் ஓரம் வழவழவென்றிருந்தால் அது நாட்டிலஸ் வழி. இந்நிலத்து அம்மோனைட் என்றால் அந்த ஓரமே பிசிறு பிசிறாகப் பிரியும்.

எதிர்த்திசையிலும் ஒரு குழப்பம் உண்டு. கூம்பாகச் சுருண்டிருப்பதெல்லாம் நத்தை என்று நினைத்தால் டுரிலிட்டஸை இழப்பீர்கள். அது கோபுரமாகச் சுருண்ட அம்மோனைட், ஊட்டத்தூர் அடுக்குகளில் கிடைக்கிறது. முடிச்சு வரிசைகள் சுருளைச் சுற்றி ஒழுங்காக ஏறினால், உடைந்த முனையில் தடுப்புச் சுவர் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். கொக்கியாக வளைந்தவை, திறந்த சுருளாக நிற்பவை, நேராக நீண்டவை என்று வேறு வடிவ அம்மோனைட்டுகளும் இந்தக் கடலில் இருந்தன. நேராக நீண்ட பாகுலிட்டஸைப் புதுச்சேரியை ஒட்டிய வழுதாவூர்ப் பாறைகளிலிருந்து கேயும் கன்லிஃபும் சேகரித்தார்கள். இயற்கையியலாளர் எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846இல் அதை விவரித்தார்.

கடைசிக் கேள்வி, மிகச் சிறிய சுருள்கள் பற்றியது. காரையில் விரல் நகம் அளவில் குவியலாகக் கிடைக்கும் சுருள்களைக் 'குட்டி அம்மோனைட்' என்று டப்பா டப்பாவாகச் சேர்த்து வைப்பவர்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை ரோட்டுலேரியா என்ற கடற்புழு கட்டிய சுண்ணாம்புக் குழாய்கள். குழாயின் சுவர் தடித்திருக்கும், நடுவே வட்டமான ஒற்றைத் துளை, தடுப்புச் சுவர் கிடையாது. கடைசிப் பகுதி பல சமயம் சுருளை விட்டு விலகி நேராக நீளும். அப்படி நீண்ட வால் ஒன்று கிடைத்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். புழு என்று தெரிந்ததும் தூக்கிப் போட்டுவிடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. காரை அடுக்கின் அடையாளமே அதுதான்.

வீட்டுப் பூசையறையில் இருக்கும் சாளக்கிராமமும் அம்மோனைட்தானே என்று கேட்பார்கள். பல சாளக்கிராமங்கள் அப்படித்தான். ஆனால் அவை நேபாளத்துக் கண்டகி ஆற்றின் கறுப்புக் கல் உருண்டைகள், காலத்தால் அரியலூரைவிடப் பழையவை. நிறத்தையும் வடிவத்தையும் வைத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பெயர் வைக்க வேண்டாம்.

உருண்டையாக, பெரிதாக இருக்கிறது: முட்டையா?

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் அருகே ஏரி வண்டல் எடுத்தபோது வெளிவந்த பெரிய உருண்டைக் கற்களை டைனோசர் முட்டைகள் என்று சமூக ஊடகங்களில் பரப்பினார்கள். நேரில் பார்த்த வல்லுநர்கள், அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட்டைச் சுற்றிப் படிவு திரண்டு இறுகிய உருண்டைகள் என்று விளக்கினார்கள். கடலடிச் சேற்றில் ஒரு ஓடோ எலும்போ அழுகும்போது அதைச் சுற்றியுள்ள நீரின் வேதிநிலை மாறுகிறது; சுண்ணாம்பு அங்கே படிந்து சேற்றை உருண்டையாகக் கெட்டிப்படுத்துகிறது. ஆகவே உருண்டைக்கு நடுவே ஏதாவது இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

முட்டை என்றால் வெளியே சில மில்லிமீட்டர் தடிப்பில் தனியான ஓடு இருக்க வேண்டும். அந்த ஓட்டின் மேற்பரப்பில் நுண்துளைகளும் சிறு புடைப்புகளும், உடைந்த விளிம்பில் செங்குத்தாக நிற்கும் படிக அமைப்பும் தெரிய வேண்டும். உங்கள் உருண்டை வெளியிலிருந்து உள்வரை ஒரே பொருளாக இருந்தால், அல்லது வெங்காயத் தோலாக வட்டம் வட்டமாக உரிந்தால், அது கெட்டிப்பட்ட உருண்டை. இன்னொரு சோதனை அடுக்கைப் பார்ப்பது: சுற்றிலும் கடல் சிப்பியும் பெலம்னைட்டும் கிடக்கும் களிமண்ணில் முட்டைக்கூடு இருக்க வழியில்லை. காரையில் பழுப்பு நிறத்தில் கட்டி கட்டியாகக் கிடைக்கும் பாஸ்பேட் உருண்டைகளையும் பலர் முட்டைக் குவியல் என்று எண்ணுகிறார்கள். சிலவற்றுக்குள் அம்மோனைட் துண்டு இருக்கும்.

உருண்டையைச் சுத்தியலால் பிளந்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். தவறான இடத்தில் விழுந்த ஒரு அடி, உள்ளே இருந்ததைக் குறுக்கே உடைத்துவிடும். இயல்பாகவே விரிசல் விட்டுக் கிடக்கும் உருண்டைகளில் பார்த்துக்கொள்ளலாம்.

தோட்டா மாதிரி நீண்ட கல்

ஒரு முனை கூர், மறு முனை உடைசல், தேன் நிறமோ சாம்பலோ கறுப்போ, கையில் கனமாக. காரையில் இப்படிக் கிடைப்பது பெரும்பாலும் பெலம்னைட். கணவாயின் தூரத்து உறவினரான ஓர் உயிரின் உடலுக்குள் இருந்த கெட்டியான முனை இது. உறுதிசெய்ய உடைந்த முகத்தைப் பாருங்கள். நடுப்புள்ளியிலிருந்து வெளிவிளிம்பு வரை கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தின் நார்கள் ஆரங்களாகப் பரவியிருக்கும். அவற்றுக்குக் குறுக்கே வளர்ச்சி வளையங்கள் தெரியும். அகன்ற முனையில் கூம்புக் குழி இருந்தால் அது அறைகள் பொருந்தியிருந்த இடம்.

இதோடு குழம்புபவை பல. உடல் முழுக்க முள் போர்த்திய கடல் உயிரான கடல் முள்ளெலியின் தடித்த முள்ளும் நீளமாகத்தான் இருக்கும். அது ஒவ்வொன்றும் ஒற்றைக் கால்சைட் படிகம் என்பதால் உடையும்போது சாய்வான, தட்டையான, கண்ணாடிபோல் மின்னும் ஒரே முகமாக உடையும். ஆரமாக நார் என்றால் பெலம்னைட், மின்னும் சாய்முகம் என்றால் முள்ளெலி முள் என்ற இந்த ஒரு வேறுபாடு ஏறக்குறைய எப்போதும் கைகொடுக்கும். இரு முனையும் திறந்த வெறுங்குழாய், லேசாக வளைந்தது என்றால் தந்தச்சிப்பி. நேராக நீண்டு தையல்கோடு உள்ளது என்றால் மேலே சொன்ன பாகுலிட்டஸ். இவை எதிலும் சேராமல், வெண்மையாக, கரடுமுரடாக, கிளைவிட்டு, தடிப்பு மாறி மாறிப் போனால் அது சுக்கான் கல். செடி வேரைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்தது, வயதில் மிக இளையது. மொத்தமாகக் கணக்கிட்டால் இந்தப் பகுதியில் புதைபடிவம் என்று கொண்டுவரப்படும் பொருள்களில் சுக்கான் கல்லின் பங்கு மிகப் பெரிது.

இரண்டு ஓடு மூடியிருக்கிறது: சிப்பியா, பிராக்கியோபாடா?

பிராக்கியோபாடு சிப்பிபோலவே இரண்டு ஓடு கொண்ட, ஆனால் சிப்பி இனத்தோடு சேராத கடல் உயிர். சமச்சீர் எங்கே விழுகிறது என்று பாருங்கள். இரண்டு ஓடும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருந்து, தனி ஓட்டை நடுவே பிரித்தால் இரு பாதியும் வேறுபட்டால் சிப்பி. இரண்டு ஓடும் அளவில் வேறுபட்டு, ஆனால் ஒவ்வொரு ஓடும் நடுக்கோட்டின் இருபுறமும் ஒத்திருந்தால் பிராக்கியோபாடு. பெரிய ஓட்டின் அலகு நுனியில் சிறு வட்டத் துளை இருந்தால் உறுதி. தண்டு வெளிவந்து பாறையைப் பற்றிய வழி அது.

பாடநூல் விதி இத்துடன் முடிகிறது. கல்லங்குறிச்சியில் அது உடையும். அங்கே நிறைந்து கிடக்கும் கிரைபியா வகை, பிக்னோடோன்டே, சிப்பியாக இருந்தும் இரு ஓடும் ஒத்துப்போகாது. ஒன்று கிண்ணமாகப் புடைத்துத் தடித்திருக்கும், மற்றது அதன் மேல் மூடியாகத் தட்டையாகவோ உட்குழிந்தோ இருக்கும். எனவே ஓடுகளின் அளவு மாறுகிறது என்ற ஒன்றை மட்டும் பார்த்துப் பிராக்கியோபாடு என்று எழுதிவிடாதீர்கள். தடித்த ஓட்டின் உடைந்த விளிம்பை லென்ஸில் வையுங்கள்: ஏடு ஏடாகப் பிரிந்து, இடையிடையே நுண்ணறைகள் நிறைந்த நுரைபோன்ற அடுக்குகள் தெரிந்தால் பிக்னோடோன்டே. விளிம்பு கூர்மையான மேல்கீழ் மடிப்புகளாகப் பல்லுப் பல்லாக மடிந்த சிப்பிகளும் அங்கே உண்டு. அதே சுண்ணாம்புக்கல்லில் வழவழப்பான, சிறிய, உண்மையான பிராக்கியோபாடுகளும் கிடைப்பதால் இரண்டையும் அருகருகே வைத்துப் பழகலாம். கண் பழக இதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் இல்லை.

நார்நாராக, பளபளப்பாக, தகடு மாதிரி

காரையில் இரண்டு பொருள்கள் ஒன்றுபோல் தெரியும். ஒன்று களிமண் பிளவுகளில் படிந்த நார் ஜிப்சம், உயிரோடு தொடர்பற்ற கனிமம். மற்றது ஐனோசெராமஸ் என்ற பெரிய சிப்பியின் ஓட்டுத் துண்டு. அதன் ஓடு மேற்பரப்புக்குச் செங்குத்தாக நிற்கும் கால்சைட் ஊசிகளால் ஆனது என்பதால் உடைந்த விளிம்பு நார்போல் தெரியும்.

விரல் நகத்தால் கீறுங்கள். கீறல் விழுந்தால் ஜிப்சம், கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் அதன் கடினம் 2. நகம் தோற்று, செப்புக் காசின் விளிம்பு ஏறக்குறையச் சமமாகப் போட்டியிட்டால் கால்சைட், அதன் கடினம் 3. ஐயம் தீரவில்லை என்றால் உதிர்ந்த துகள் ஒன்றை மட்டும் எடுத்து அதன்மேல் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். கால்சைட் மெல்லக் குமிழ்விடும், ஜிப்சம் சும்மா இருக்கும்.

வினிகர் பற்றி ஓர் எச்சரிக்கை. குமிழ் வந்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று மட்டுமே பொருள், புதைபடிவம் என்று பொருள் இல்லை. சுற்றியுள்ள பாறையும் சுக்கான் கல்லும் அதேபோல் குமிழ்விடும். முழுக் கல்லையும் அமிலத்தில் போட்டுச் சுத்தம் செய்யச் சொல்லும் காணொளிகளைப் பின்பற்றிவிடாதீர்கள். அந்த முறை சிலிக்காவாக மாறிய படிவங்களுக்கு உரியது. நம் ஊர்ப் படிவங்களில் பெரும்பாலானவை தாமே சுண்ணாம்பு என்பதால் அமிலம் பாறையைக் கரைக்கும் வேகத்தில் அவற்றையும் கரைத்துவிடும். மென்மையான பல்துலக்கியும் மூங்கில் குச்சியும் போதும்.

வடிவம் இருக்கிறது, ஓடே இல்லை

இது குறை இல்லை, காரணத்தோடு நடந்தது. அம்மோனைட், பெரும்பாலான நத்தைகள், பல சிப்பிகள் ஆகியவற்றின் ஓடு, சுண்ணாம்பின் இன்னொரு படிக வடிவமான அரகோனைட்டால் ஆனது. அது நிலத்தடி நீரில் எளிதில் கரையும். கிரைபியா, பெலம்னைட், பிராக்கியோபாடு, முள்ளெலி ஆகியவை கால்சைட் என்பதால் நிலைக்கின்றன. ஒரே அடுக்கில் சிலவற்றுக்கு ஓடு அப்படியே இருக்க, சிலவற்றின் உள் அச்சு மட்டும் மிஞ்சியிருப்பது இதனால்தான்.

உள் அச்சுக்கு இனப்பெயர் வைப்பதில் மிகுந்த நிதானம் வேண்டும். நத்தையின் உள் அச்சு, சுற்றுகளுக்கு இடையே இடைவெளி விட்டுத் திருகாணியாகத் தெரியும். வெளி ஓட்டில் இருந்த வரிகளும் முடிச்சுகளும் அதில் இருக்காது. எனவே வெளி ஓட்டு அலங்காரத்தை வைத்து எழுதிய விளக்கத்தோடு அதை ஒப்பிடவே முடியாது. சிப்பியின் உள் அச்சில் தசை பற்றியிருந்த தழும்புகளும் கீல் பற்களின் குழிகளும் பதிந்திருந்தால் குடும்பம் வரை போகலாம். அம்மோனைட்டுக்கு மட்டும் உள் அச்சே வரம், தையல்கோடு அதில்தான் தெரிகிறது. அச்சு உருவப்பட்ட இடத்தில் பாறைக்குள் வெற்றிடம் இருந்தால் அதையும் விடாதீர்கள். அதுதான் வெளி அச்சு, இழந்த ஓட்டின் அலங்காரம் அங்கே தலைகீழாகப் பதிந்திருக்கும். களிமண்ணை அழுத்தி எடுத்தால் ஓட்டின் முகம் திரும்பக் கிடைக்கும்.

ஐந்து இதழ்ப் பூ பதிந்திருக்கிறது

கடல் முள்ளெலி. அநேகமாக இதில் தவறு வராது, உயிர்க்குழுக்களில் ஐந்து என்ற எண் இத்தனை தெளிவாக வேறு யாரிடமும் இல்லை. வட்டமாகவும் எல்லாப் பக்கமும் ஒத்தும் இருப்பது ஒழுங்கு வகை. இதய வடிவமோ முட்டை வடிவமோ கொண்டு, முன் பின் பிரித்தறியும்படி இருப்பது மண்ணுக்குள் புதைந்து வாழ்ந்த வகை. இந்த இரண்டாம் வகையில் கழிவுத்துளை உச்சியிலிருந்து நகர்ந்து பக்கத்துக்கோ அடிக்கோ போயிருக்கும். அந்தத் துளையின் இடமும் வடிவமும் இல்லாமல் பேரினம் சொல்ல முடியாது. அரியலூர் அடுக்குகளில் ஸ்டிக்மாடோபைகஸ் புகழ்பெற்றது. படம் எடுக்கும்போது மேல், கீழ், பக்கம், பின் என்று நான்கையும் எடுங்கள். பூ இருக்கும் மேல்பக்கத்தை மட்டும் அனுப்பினால் யாராலும் உதவ முடியாது.

துளைத்துளையாக இருக்கிறது

துளையின் அளவையும் அதன் உட்சுவரையும் பாருங்கள். சில மில்லிமீட்டரோ அதற்கு மேலோ அகன்று, உள்ளே மையத்தை நோக்கிச் சுவர்கள் ஆரங்களாக ஓடினால் பவளம். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்து, உள்ளே சுவரில்லாமல், ஊசிக்குத்து வரிசையாகத் தெரிந்தால், கூட்டமாக வாழும் நுண்ணிய கடல் உயிர்களான பிரையோசோவா. கல்லங்குறிச்சியில் கிரைபியா ஓடுகளின்மேல் படர்ந்தும் தனிக் கிளைகளாகவும் இருக்கும். 10 மடங்கு லென்ஸ் இல்லாமல் இந்தப் பகுதிக்கு வராதீர்கள்.

மரத்தின் வரிகளும் அதில் விரல் பருமன் குழாய்களும் சேர்ந்து தெரிந்தால், கடலில் மிதந்த மரத்தைக் கப்பல் புழு எனப்படும் சிப்பி துளைத்த தடம். நிலத்து மரம் கடற்படிவில் எப்படி என்று திகைக்க வேண்டாம். சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரமே கடல் படிவில்தான் கிடக்கிறது. புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் 1940இல் கண்டறிந்த அது இப்போது தேசியப் புவியியல் நினைவுச்சின்னம், அங்கிருந்து ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது.

செடி கொடி மாதிரி கறுப்புக் கோடு

மாங்கனீசு பாறைப் பிளவில் பரவிய கறை. உயிர் இல்லை. பிளவின் தளத்தில் மட்டும் இருக்கும், தடிப்பு இருக்காது.

புதிதாகத் தெரிகிறது, நேற்றைய ஓடோ?

கருடமங்கலம் ஓடுகள் மிக நன்றாகக் காக்கப்பட்டவை, பளபளப்புகூட மிஞ்சியிருக்கும். அதனால் புதிது என்று ஒதுக்கப்படுவதும் உண்டு. ஓட்டின் உள்ளே பார்க்க வேண்டும். பாறையே இறுகி நிரம்பியிருந்தால் பழையது. வெறும் மண், நீரில் கரைந்து வெளியேறினால் வயல் நத்தையாகவோ யாரோ கொண்டுவந்த கடற்சிப்பியாகவோ இருக்கும்.

எதிலும் பொருந்தவில்லை

பெயரை எந்த மட்டம் வரை கல் தாங்குகிறதோ அந்த மட்டத்தில் நிறுத்துங்கள். 'அம்மோனைட், இனம் தெரியவில்லை, காரை' என்று எழுதிய அட்டை எந்த ஆய்வாளருக்கும் பயன்படும். ஒத்தது என்று நினைத்து ஒட்டிய லத்தீன் பெயர், இடக்குறிப்பு இல்லாமல், யாருக்கும் பயன்படாது.

உதவி கேட்கும்போது படத்தில் அளவுகோல் வையுங்கள், காசு வைத்தால் எந்தக் காசு என்று சொல்லுங்கள். ஒரு பக்கமிருந்து சாய்ந்து விழும் ஒளியில் எடுங்கள். நேர் ஒளியும் கைபேசி ஃபிளாஷும் விலாவையும் தையல்கோட்டையும் அழித்துவிடும். மெருகெண்ணெய் பூச வேண்டாம். உடைந்த முகம் இருந்தால் அதற்குத் தனிப் படம்.

அரியலூர் அருகே வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு உங்கள் கல்லைக் கொண்டுபோய் அங்குள்ளவற்றோடு ஒப்பிடலாம். உள்ளூர் அடுக்குகளின் படிவங்களை ஒரே இடத்தில் பார்ப்பதால், ஐரோப்பியப் படங்களை நம்பும் பழக்கம் தானாகக் குறையும். அருகிலுள்ள கல்லூரிகளின் புவியியல் துறை ஆசிரியர்களையும் கேட்கலாம். சுரங்கத்துக்குள் போக நிறுவனத்தின் அனுமதியும், பட்டா நிலத்தில் எடுக்க உரிமையாளரின் சம்மதமும் முன்கூட்டியே வாங்குங்கள். பாறையில் பதிந்திருக்கும் முழு அம்மோனைட்டையோ முள்ளெலியையோ கண்டால் பெயர்த்தெடுக்காமல் படமும் இடமும் குறித்துக்கொண்டு மேற்சொன்னவர்களில் ஒருவரிடம் தெரிவியுங்கள். அடுக்கில் அது எந்த உயரத்தில், எதற்குப் பக்கத்தில் இருந்தது என்பதை அவர்கள் அங்கேயே அளக்க முடியும்.